வீல் பேலன்ஸ் செய்தால் லொறி டயர் கூடுதல் நாள் ஓடுமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ வெலிமடையிலோ ஒரு டயர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் வீல் பேலன்ஸ் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "லொறிக்கு எதற்கு பேலன்ஸ், அதெல்லாம் காருக்குத்தான்" என்பார் ஒருவர். "இந்தப் பேலன்ஸ் மணியை வாங்கி டயருக்குள் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மடங்கு ஓடும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த லொறி, எந்த ரோட்டில், எவ்வளவு வேகத்தில் என்று இருவருமே கேட்பதில்லை. பதில் முழுவதும் அந்த மூன்றிலேதான் இருக்கிறது.

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டயர் விலை ஏறிய ஏற்றத்தில், ஒரு செட் டயர் மாற்றுவது சொந்த லொறிக்காரருக்குப் பெரும் பாரமாகிவிட்டது. அந்தக் காசைச் சரியான இடத்தில் போட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். விஷயம் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளலாம். கணக்கு சிறிது வரும், பயப்பட வேண்டாம்.

சக்கரத்தில் எடை ஒரு பக்கம் கூடினால்

ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மலையகத்தில் சைக்கிள் குறைவு, ஆனாலும் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளாவது பக்கத்து வீட்டில் இருக்கும். முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டால், அது நிற்கும்போது பெரும்பாலும் ஒரே இடம்தான் கீழே வந்து நிற்கும். பாரம் கூடிய இடம் அது. இப்போது பெடலை வேகமாகச் சுற்றி, பின் சக்கரத்தைக் கவனியுங்கள். வேகம் கூடக் கூடச் சைக்கிளே தரையில் துள்ளத் தொடங்கும். எடை கொஞ்சமும் கூடவில்லை, வேகம் மட்டுமே கூடியது.

லொறிச் சக்கரத்திலும் இதேதான் நடக்கிறது. டயரின் இரப்பர் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருக்காது, ரிம்மும் அப்படியே. ரீபில்ட் செய்த டயரில் புதிதாக ஒட்டிய இரப்பர் ஓரிடத்தில் சற்றுக் கூடியிருக்கலாம். இப்படிச் சக்கரத்தைச் சுற்றி எடை சமமாகப் பரவாத நிலையைச் சமனின்மை என்று அழைப்போம். அதை ஈடுசெய்வதுதான் வீல் பேலன்ஸ்.

இது இரண்டு வகை. பாரமான இடம் சக்கரத்தை மேலும் கீழும் துள்ள வைத்தால் அது நிலைச் சமனின்மை. லொறி டயர் அகலமானது, அதனால் பாரம் டயரின் உள்பக்க ஓரத்தில் ஒரு இடத்திலும், அதற்கு நேர் எதிரே வெளிப்பக்க ஓரத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கலாம். அப்போது சக்கரம் துள்ளாமல் இடமும் வலமும் ஆடும், ஸ்டியரிங் கையில் உதறும். இது இயங்கு சமனின்மை. சக்கரத்தைச் சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் இந்த இரண்டாவது வகை தெரியவே தெரியாது. மெஷினில் சுழற்றினால்தான் தெரியும்.

வேகம் செய்கிற வேலை

பேலன்ஸ் பற்றிய குழப்பத்தில் பாதி, இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

பெரிய லொறியின் டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டம். அதன் ஓடுபரப்பில், அதாவது ரோட்டில் படும் பகுதியில், ஓரிடத்தில் 100 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் அந்த 100 கிராம் சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை, அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடிய எடைக்குச் சமம். 40 கிலோமீட்டரில் அது இரண்டரைக் கிலோ. 60இல் ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். 80இல் பத்துக் கிலோ. அதுவும் ஒரு செக்கனுக்கு ஏழு தடவை, ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழுமாக.

வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். 20இலிருந்து 80க்குப் போனால் பதினாறு மடங்கு.

இப்போது நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்குப் பாரத்தோடு ஏறுகிற லொறி, புசல்லாவையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற லொறி, தேயிலைத் தோட்டத்துக்குள் கொழுந்து ஏற்றுகிற லொறி: இவை எத்தனை கிலோமீட்டரில் போகின்றன? பெரும்பாலான நேரம் 20, 30. முன் சக்கரம் ஒன்று தாங்குவது ஆயிரக்கணக்கான கிலோ பாரம். அதன் மேல் அரைக் கிலோ, ஒரு கிலோ இழுவை என்ன செய்துவிடும்? மிகக் குறைவு.

அதே லொறி மரக்கறி ஏற்றிக்கொண்டு மலை இறங்கி, மாத்தளை தாண்டித் தம்புள்ளை ரோட்டில் 60இல் ஓடும்போது கதை மாறுகிறது. கடவத்தையில் அதிவேகப் பாதைக்கு ஏறித் தெற்கே போனால் இன்னும் மாறுகிறது. ஒரே டயர், ஒரே 100 கிராம், ஆனால் டயருக்கு விழுகிற அடி வேறு.

சுருக்கமாக: சமனின்மை எல்லா லொறியிலும் இருக்கிறது. அது டயரைத் தின்னுகிற அளவுக்குப் பலம் பெறுவது வேகத்தில்தான்.

அது டயரை எப்படித் தேய்க்கிறது

துள்ளும் சக்கரம் ரோட்டை ஒரே சீராக அழுத்தாது. ஓரிடத்தில் அழுத்தி, அடுத்த இடத்தில் லேசாகி, பிறகு மீண்டும் அழுத்தும். லேசாகும் நேரத்தில் டயர் சற்றே வழுக்கி உரசும். நாளடைவில் ஓடுபரப்பில் குழி குழியாகத் தேய்மானம் வரும். கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். இதைத்தான் குழித் தேய்மானம் என்கிறேன்.

ஆனால் குழித் தேய்மானத்தைக் கண்டதும் பேலன்ஸ் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது. ஷொக் அப்சோபர் செத்திருந்தாலும், வீல் பேரிங் லூசாக இருந்தாலும் இதே குழி விழும். பெரும்பாலும் இவை கூட்டாகத்தான் வேலை செய்கின்றன. சமனின்மை துள்ளலைத் தொடங்கி வைக்கும். அதை அடக்க வேண்டிய ஷொக் அடக்காவிட்டால் துள்ளல் நிற்காது. ஷொக்கை மாற்றாமல் பேலன்ஸ் மட்டும் செய்தால் கொஞ்சக் காலத்தில் குழி மறுபடி வரும்.

இன்னொன்று, டயர் முழு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பது. அதை எந்த எடையாலும் சரிசெய்ய முடியாது. ஜாக் அடித்துச் சக்கரத்தைத் தூக்கி, ஓடுபரப்புக்குப் பக்கத்தில் அசையாமல் ஒரு கம்பியை வைத்துச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வட்டம் பிசகியிருக்கிறது. பல தடவை டயர் நல்லதாகத்தான் இருக்கும், ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்காது. டயரின் பக்கச் சுவரில், ரிம்முக்கு அருகே, வட்டமாக ஒரு மெல்லிய கோடு இருக்கும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றை இறக்கி, ஓரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி மறுபடி உட்கார வைக்கச் சொல்லுங்கள். பேலன்ஸுக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

ஈயம், மணி, வளையம்

சந்தையில் இருக்கிற வழிகள் மூன்று.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்த ஈயம். இப்போது பல இடங்களில் இரும்பு, துத்தநாகக் கட்டிகளும் வந்துவிட்டன. மெஷினில் சக்கரத்தைச் சுழற்றி, எங்கே எத்தனை கிராம் குறைகிறது என்று பார்த்து ரிம் விளிம்பில் மாட்டுவார்கள். ரிம் விளிம்பு நடுவுக்குக் கிட்ட இருப்பதால், ஓடுபரப்பின் 100 கிராமை ஈடுசெய்ய அங்கே ஏறக்குறைய இரட்டிப்பு எடை வேண்டும். லொறிச் சக்கரத்தில் பெரிய கட்டியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், அதற்குக் காரணம் இதுதான். ஈயத்தின் நல்ல குணம், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் தனித்தனியாக மாட்டலாம், ஆகவே இரண்டு வகைச் சமனின்மையும் தீரும். குறை, டயர் தேயத் தேயக் கணக்கு மாறும். இடையில் ஒரு கட்டி கழன்று விழுந்தாலும் மாறும்.

இரண்டாவது, டயருக்குள் போடுகிற கண்ணாடி அல்லது செராமிக் மணிகள். மணல் போலச் சிறியவை, லொறி டயர் ஒன்றுக்குச் சில நூறு கிராம் போடுவார்கள். மூன்றாவது, ரிம்முக்குப் பின்னால் பூட்டுகிற பேலன்ஸ் வளையம். அதற்குள் சிறு குண்டுகளோ கனமான திரவமோ அடைத்திருக்கும். இந்த இரண்டும் ஓடும்போது தாமாகவே சமன் செய்துகொள்ளும், டயர் தேய்ந்தாலும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும் என்பதுதான் விற்பவர்கள் சொல்வது.

எப்படித் தாமாகவே போய்ச் சரியான இடத்தில் நிற்கின்றன? ஸ்பிரிங்கில் தொங்கும் எதற்கும் அதற்கே உரிய ஒரு ஆட்ட வேகம் உண்டு, தட்டிவிட்டால் அந்த வேகத்தில்தான் ஆடும். இதை இயல் அதிர்வு என்பார்கள். சக்கரம் சுழலும் வேகம் அதற்குக் கீழே இருக்கும்போது, பாரமான இடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகச் சக்கரம் வெளியே தள்ளப்படும். உள்ளே இருக்கும் மணிகளும் மிக வெளியே இருக்கும் இடத்தைத் தேடித்தான் போகும், அதாவது ஏற்கெனவே பாரமான பக்கத்துக்கே. சுழற்சி இயல் அதிர்வைத் தாண்டிய பிறகு நிலைமை தலைகீழாகும். சக்கரத்தின் ஆட்டம் பின்தங்கிப்போய், பாரமான இடத்துக்கு எதிர்ப்பக்கம்தான் வெளியே நிற்கும். மணிகள் அங்கே சேரும், எடை சமனாகும்.

தத்துவம் சரியானது. தொழிற்சாலை இயந்திரங்களிலும் இதே தத்துவத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது வேகமான, சீரான ஓட்டத்தைக் கேட்கிறது. மேடு பள்ளமான ரோட்டில் ஓடும் லொறியில் அது எந்த அளவுக்கு நிறைவேறும் என்பதில் பொறியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

நம் ரோட்டுக்கு வருவோம். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயருக்குள் மணிகள் சுவரோடு ஒட்டி நிற்பதற்கே மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவு வேகம் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மணிகள் எல்லாம் அடியில் கொட்டிவிடும். மகியங்கனை ரோட்டின் பதினெட்டு வளைவில் பாரத்தோடு ஏறும் லொறி கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வேகத்துக்கு இறங்கும் என்பது டிரைவர்மாருக்குத் தெரியும். மணி ஒட்டும், கொட்டும், ஒட்டும், கொட்டும். சீராக நின்று வேலை செய்ய அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

கைவேலைச் சிக்கல்களும் உண்டு. உள்ளே ஈரம் இருந்தால் மணிகள் கட்டிபட்டுவிடும், மலையகத்தின் ஈரக் காற்றை அடிக்கும் கொம்பிரஷரில் தண்ணீர் தேங்குவது சாதாரணம். வால்வுக்குள் மணி புகுந்து காற்று ஒழுகலாம், அதற்கென வடிகட்டி வைத்த வால்வு ஊசி போட வேண்டும். வளையம் பூட்டினால், ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே புதிதாக ஒரு தகடு வருகிறது, ஆகவே கொஞ்ச தூரம் ஓடியதும் சக்கர நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். வளையம் ஒரே தளத்தில் மட்டும் எடையைச் சமன் செய்வதால், இடமும் வலமும் ஆடும் வகையை அது முழுதாகத் தீர்க்காது.

இதுவரை பார்த்ததை வைத்துச் சொன்னால்: ஈயம் குறைந்த வேகத்திலும் தன் இடத்தில் நிற்கும், மணியும் வளையமும் வேகத்தை நம்பியவை. மலைக்குள்ளேயே சுற்றும் லொறிக்கு மணி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் மலையில் டயரைத் தின்பது எது?

முதலில் வளைவு. பின் அக்ஸலில் ஒரு பக்கத்தில் இரண்டு டயர்கள் ஒரே ஹப்பில் பூட்டப்பட்டுச் சேர்ந்தே சுற்றுகின்றன. இரண்டின் நடுவுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர் அளவு. லொறி முழுதாகத் திரும்பி எதிர்த்திசைக்கு வரும் ஒரு கொண்டை ஊசி வளைவில், வெளிப்பக்க டயர் உள்பக்க டயரைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் கூட ஓட வேண்டும். சேர்த்துப் பூட்டியிருப்பதால் ஓட முடியாது. அந்த ஒரு மீட்டரை இரண்டு டயர்களும் பங்குபோட்டு ரோட்டில் உரசித்தான் தீர்க்கின்றன. வளைவு அகலமோ குறுகலோ, இந்தக் கணக்கு மாறாது. ஒவ்வொரு வளைவிலும், பாரத்தோடு. இதற்கு எந்த பேலன்ஸும் மருந்தாகாது.

அதோடு, அந்த இரண்டில் ஒன்று தேய்ந்ததும் மற்றது புதியதுமாக இருந்தால் நேர் ரோட்டிலும் உரசல்தான். விட்டத்தில் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு மீட்டர் தூரம் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாமல் இழுபடும். ஒரே அளவுத் தேய்மானமுள்ள டயர்களை ஜோடி சேர்ப்பதற்குச் செலவே இல்லை. ஆனாலும் அவசரத்தில் ஸ்பெயாரைப் பூட்டி, பிறகு மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம்.

அப்புறம் எலைன்மென்ட். முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல், அவற்றின் இடைவெளி முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலே, ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. தோட்ட ரோட்டுக் குழியில் ஒரு பலமான அடி போதும், எலைன்மென்ட் போய்விடும். அறிகுறி: ஓடுபரப்பைக் குறுக்கே தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, திரும்பித் தடவினால் கூர்.

காற்று மிக முக்கியம். காற்றுக் குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், டயர் உள்ளே சூடாகும். பள்ளம் இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூடு ரிம் வழியாக வந்து அதோடு சேரும். நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம்: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். கொழும்பில் பகல் வெயிலில் 100 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு ஏறினால், உயரத்தால் காற்று மீட்டர் மூன்று பி.எஸ்.ஐ. அளவு கூட்டிக் காட்டும், ஆனால் குளிரால் அதைவிடக் கூடுதலாகக் குறையும். மொத்தத்தில் சில பி.எஸ்.ஐ. குறைவாகவே இருக்கும். அதேபோல் குளிர்ந்த காலையில் நுவரெலியாவில் சரியாக அடித்த டயர், கீழே போய் ஓடிச் சூடானதும் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. டயர் ஆறிய நிலையில், ஓடத் தொடங்கும் முன், அளப்பதுதான் முறை.

"பேலன்ஸ் செய்தேன், டயர் ஓடியது"

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பேலன்ஸ் செய்யக் கொண்டுபோன அன்று வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள், ரிம்மில் ஒட்டிய மண்ணைக் கழுவினார்கள், காற்றைச் சரியாக அடித்தார்கள், பல இடங்களில் எலைன்மென்டும் சேர்த்தே பார்த்தார்கள். டயர் கூட ஓடியதற்கு இதில் எது காரணம்? மழைக்காலத்தில் தோட்ட ரோட்டில் ஓடிய லொறியின் ரிம்முக்குள் காய்ந்து கிடக்கும் சேறே பெரிய சமனின்மைதான். அதைக் கழுவாமல் பேலன்ஸ் செய்தால், சேறு உதிர்ந்த அன்றே ஈயத்தின் கணக்கு பிழைத்துவிடும்.

உங்கள் லொறியிலேயே சோதிக்க விரும்பினால், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் காற்று, எலைன்மென்ட், ஷொக், பேரிங் எல்லாம் சரியாக்கி, முன் டயர் இரண்டின் பள்ள ஆழத்தையும் சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து, மைலேஜோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி அளந்து, அதன் பிறகு பேலன்ஸ் செய்து, அதே ரோட்டில் அதே பாரத்தோடு ஓடி அளவுகளை ஒப்பிடுங்கள். நான்கு இடங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் குறைந்தால் பேலன்ஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

யார் செய்ய வேண்டும்?

வாரத்தில் பல நாள் கொழும்பு, தம்புள்ளை என்று சமவெளியில் வேகமாக ஓடும் லொறி என்றால், முன் சக்கரம் இரண்டையும் மெஷினில் வைத்து ஈயம் மாட்டுங்கள். டயர் மாற்றும்போதும் ரீபில்ட் போடும்போதும் திரும்பச் செய்யுங்கள். டயருக்கும் நல்லது, ஸ்டியரிங் மூட்டுகளுக்கும் பேரிங்குக்கும் நல்லது, டிரைவரின் கைக்கும் தோளுக்கும் நல்லது. பெரும்பகுதி நேரம் சீரான வேகத்தில் ஓடுகிற நீண்டதூர லொறிக்கு மணியோ வளையமோ போட்டுப் பார்க்கலாம். தோட்டத்துக்கும் பெக்டரிக்கும் இடையே ஓடுகிற கொழுந்து லொறிக்கு அந்தக் காசைக் காற்று மீட்டர், எலைன்மென்ட், நல்ல ஷொக் ஆகியவற்றில் போடுவதுதான் புத்தி.

கடைசியாக ஒன்று, இது டயர் ஆயுளைவிடப் பெரியது. நேற்று வரை இல்லாத உதறல் இன்று திடீரென வந்தால் அது பேலன்ஸ் பிரச்சினை என்று நினைத்து ஓடிக்கொண்டிருக்காதீர்கள். ஈயக் கட்டி விழுந்தாலோ சேறு உதிர்ந்தாலோ தவிர, சமனின்மை பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் கூடும். திடீர் உதறலுக்குக் காரணம் லூசான சக்கர நட்டு, கழன்று வரும் ரீபில்ட் இரப்பர், பக்கச் சுவரில் புடைப்பு, உடைந்த பேரிங் என்று ஏதாவது இருக்கலாம். உடனே ஓரம்கட்டி, சக்கரத்துக்கு அணை வைத்து, ஒவ்வொரு நட்டாக இறுக்கிப் பாருங்கள், டயரைச் சுற்றிலும் பாருங்கள். புடைப்போ பிரிவோ கண்டால் அந்த டயரோடு கடுகண்ணாவையோ பெரகலையோ எந்தப் பள்ளமும் இறங்க வேண்டாம். அங்கேயே ஸ்பெயாரைப் பூட்டுங்கள்.